லூர்தம்மாள் டீச்சர் துடைத்த பதினொரு ஸ்லைடுகள்

"டீச்சர், ஒங்க வீட்டுல அரிக்கேன் சிம்னிய எதை வெச்சுத் தொடைப்பீங்க?"

லூர்தம்மாள் டீச்சர் ஒரு சனிக்கிழமை மதியம், தம் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். எதற்குப் பதில் சொல்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. சென்ற மாதம் ஒருநாள் காலை, ஆவூர்ப் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். டீச்சரின் தம்பி சூசை பென்சிலால் எழுதியிருந்தார். "அக்கா இரவு காலமானார். மாலை நான்கு மணிக்கு அடக்கம்." அதைப் படித்து முடித்ததும் என் காதில் முதலில் விழுந்தது அந்தச் சிம்னிக் கேள்விதான்.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். சிலர் எங்களோடு அதே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். ஆகவே அவர் எப்படிப்பட்டவர் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். பரீட்சைத் தாள்களைத் திருத்தி மதிப்பெண்களைக் கூட்டிய பிறகு, அதே தாள்களை என் மேசைக்குக் கொண்டு வந்து, "நீங்க ஒருவாட்டி கூட்டிப் பாருங்க. என் கூட்டலை நான் நம்புறதில்ல" என்பார். நானும் கூட்டுவேன். அதே தொகைதான் வரும். அப்புறம் நான் கூட்டியதைத் தாம் ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்.

பால்காரர் ஊற்றிய பாலைச் சாய்த்துப் பிடித்த சிலேட்டில் ஒரு சொட்டு விட்டு, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போவார். "இந்தம்மா மாட்டையே சந்தேகப்படும்" என்று பால்காரர் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீச்சருக்கு அதில் வருத்தம் இல்லை. "மாட்டைச் சந்தேகப்படல. நடுவுல இருக்கிற செம்பைத்தான் சந்தேகப்படுறேன்" என்றார்.

ஆசிரியர் அறையில் எங்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. எதையும் நம்பாதவர் யாரையும் நம்பமாட்டார் என்றும் எங்களில் சிலர் முடிவு கட்டியிருந்தோம். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சூசை சிங்கப்பூரில் வேலை பார்த்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் விடுப்பில் வந்தபோது ஒரு காமிராவும் வண்ணப்படச் சுருளும் கொண்டு வந்திருந்தார். அந்தச் சுருளைக் கழுவினால் காகிதப் படம் வராது. தபால்தலையைவிடச் சற்றுப் பெரியதாக, ஒளி ஊடுருவும் வண்ணப் படங்கள் வரும். ஒவ்வொன்றையும் அட்டைச் சட்டத்தில் பொருத்தி அனுப்புவார்கள். அதற்கு ஸ்லைடு என்று பெயர். விளக்கு வைத்த பெட்டியில் செருகினால் சுவர் முழுக்கப் படம் விரியும்.

அக்காவும் தம்பியும் சித்தன்னவாசலுக்கு மாட்டுவண்டி கட்டிப் போனார்கள். குகைக்குள் வெளிச்சம் போதாதென்று வெளியே ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, வெயிலை உள்ளே திருப்பினாராம். விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரைக் குளம், மீன்கள், பூப்பறிக்கும் உருவம், தூணில் ஆடும் பெண் என்று பன்னிரண்டு படங்கள் நன்றாக விழுந்தன. பதின்மூன்றாவதில் சூசையின் கட்டைவிரல்தான் இருந்தது. சுருள் வெளிநாட்டுக்குப் போய்க் கழுவப்பட்டுத் திரும்பி வர நான்கு மாதம் ஆயிற்று. படம் காட்டும் பெட்டியையும் ஸ்லைடுகளையும் சூசை எங்கள் பள்ளிக்கே கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

முதல்முறை காட்டியபோது மண்டபத்துச் சன்னல்களை ஜமுக்காளத்தால் மூடினோம். நான் சரித்திர ஆசிரியை. பதினைந்து வருடமாகச் சித்தன்னவாசலைப் பற்றிக் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தியவள். அந்தத் தாமரைக் குளம் சுவரில் விழுந்தபோது முன்வரிசைப் பெண்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். தண்ணீர் தங்கள் மேல் வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அன்று முதல் அந்தப் பன்னிரண்டும் பள்ளியின் சொத்தில் உயர்ந்த சொத்தாயிற்று. தலைமையாசிரியை அவற்றைத் தமது அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோவைத் திறந்து தூசி தட்டுவது மட்டும் கருப்பாயியின் வேலை.

கருப்பாயியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பள்ளியின் ஆயா. கணவரை இழந்தவர். நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. அவருடைய மகள் எங்களிடமே ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்லைடுகள் வந்து மூன்றாவது வருடம், கார்த்திகையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வரும்போது, வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் பெயரைத் தலைமையாசிரியை எழுதிக் கொடுப்பதாக இருந்தது. கருப்பாயி அந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி அடைமழை அந்த வருடம் இருபது நாள் பெய்தது. பீரோ நின்ற சுவரே ஊறிப் போயிற்று. இன்ஸ்பெக்ட்ரஸ் திங்கட்கிழமை வருகிறார் என்றால், அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை ஸ்லைடுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். முதல் படத்திலேயே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அடுத்தடுத்த படங்களில் சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள். எட்டாவதாகத் தாமரைக் குளம் வந்தது. புள்ளி, இழையோடு அது நிற்கவில்லை. குளத்தின் மேல் யாரோ முள்ளால் கிறுக்கியதுபோல வட்டம் வட்டமாகக் கீறல். ஒரு தாமரை அறவே இல்லை. அது இருந்த இடத்தில் சுவர்தான் தெரிந்தது.

தலைமையாசிரியை விளக்கைப் போடச் சொன்னார். "யாரு இதைத் தொட்டது?" என்று கேட்டார். எல்லாருடைய கண்ணும் ஒரு பக்கமாகத்தான் திரும்பியது. கருப்பாயி வாசற்படியில் நின்றிருந்தார். மத்தியான உணவுப் பாத்திரங்களைத் தேய்த்த அடுப்புச் சாம்பல் இன்னும் அவர் நகக்கண்ணில் இருந்தது.

அந்த அறையில் என்னவெல்லாம் பேசப்பட்டது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தேய்க்கிற கை சும்மா இருக்காது என்றார் ஒருவர். மகளுக்குக் காட்ட எடுத்திருப்பாள் என்றார் இன்னொருவர். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "பீரோவைத் தெறக்கிறது கருப்பாயிதானே" என்றேன். பொய் இல்லை. ஆனால் எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"நான் பூட்டைத் தெறக்கிறதோட சரிங்க டீச்சரம்மா. தட்டைத் தொடைப்பேன், கதவைத் தொடைப்பேன். அந்தப் பொட்டிய நகட்டக்கூட மாட்டேன்" என்றார் கருப்பாயி.

"திங்கக்கெழம ஒன் பேரை நான் எழுத முடியாது. வேற ஆளைப் பாக்கணும்" என்றார் தலைமையாசிரியை. கருப்பாயி அழவில்லை. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சன்னல்களில் கட்டிய ஜமுக்காளங்களை அவிழ்க்கப் போய்விட்டார். எங்களில் யாரும் உதவிக்குப் போகவில்லை. லூர்தம்மாள் டீச்சர் மட்டும் போனார்.

திரும்பி வந்து, ஸ்லைடுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருநாளில் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார். அதற்குப் பள்ளி ஆய்வகத்தில் முத்திரை உடைக்காமல் இருந்த சுத்த ஆல்கஹால் புட்டி வேண்டும் என்றார். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம் அது. ஆய்வகத்து ஸ்பிரிட்டே இரட்டைப் பூட்டில் இருந்தது. தலைமையாசிரியைக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. எந்தச் சந்தேகம் என்று பிரிக்க முடியாத அளவுக்குப் பல சந்தேகம். "வீட்டுக்கு எதுக்கு? இங்கேயே பண்ணக் கூடாதா?" என்றார். ஆய்வகக் கூரை ஒழுகுகிறது, ஈரத்தில் செய்யக்கூடாத வேலை இது என்றார் டீச்சர். கடைசியில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் தலைமையாசிரியை. கூடவே, "மீனாட்சி டீச்சரும் ஒங்க கூட இருக்கட்டும்" என்றார். அதாவது, ஸ்லைடு மாறாமலும் புட்டி குறையாமலும் பார்த்துக்கொள்ள நான் காவல்.

"ரெண்டு பேரும் சேந்து காலி பண்ணிப்புடாதீங்க" என்றார் டிரில் டீச்சர். லூர்தம்மாள் டீச்சர் சிரிக்காமல், "முத்திரைய உடைக்கிறப்ப நீங்களும் வந்து மோந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

சனிக்கிழமை காலை மழை விட்டு வெயில் அடித்தது. எங்கள் ஊர் மார்த்தாண்டபுரத்தில் அவர் குடியிருந்த சிறிய வீட்டுக்குப் போனேன். அடுப்பை அணைத்து, சுவாமி படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்தியையும் அணைத்து, எல்லாச் சன்னலையும் திறந்து வைத்திருந்தார். "ஆல்கஹால் ஆவி அடுப்பைத் தேடிப் போகும். மாதாவுக்கு ஒரு நாள் இருட்டு பரவாயில்ல" என்றார். கைகளை இரண்டுமுறை கழுவி, வெயிலில் நீட்டிக் காயவைத்துக்கொண்டார். மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டு எனக்கும் ஒன்று தந்தார். அந்தப் புள்ளியெல்லாம் பூஞ்சை, மூச்சோடு உள்ளே போகக்கூடாது என்றார்.

நான் காவலுக்குப் போனவள். அதனால் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தேன். அதனால்தான் இன்றும் மறக்கவில்லை. ஸ்லைடை அட்டையின் ஓரத்தில் மட்டும் பிடித்தார். வெளிச்சத்தில் சாய்த்து, எந்தப் பக்கம் பளபளக்கிறது, எந்தப் பக்கம் மங்கலாக இருக்கிறது என்று காட்டினார். பளபளப்பது வெறும் தகடு. மங்கலான பக்கத்தில்தான் படம் ஒட்டியிருக்கிறது. "அது ஒரு வகைப் பசைங்க. ஆட்டெலும்பு, மாட்டெலும்பைக் காய்ச்சி எடுக்கிற பசை. பூஞ்சைக்கு அது விருந்து" என்றார். முதலில் டாக்டரிடம் கேட்டு வாங்கிய ரப்பர் பலூனை அழுத்தித் தூசியை ஊதினார். வாயால் ஊதவில்லை. அடுத்து ஒரு புதுத் தூரிகை. அதையும் நம்பாமல் தம் கன்னத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்லைடில் வைத்தார்.

புட்டியைத் திறந்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க மயில்துத்தத்தை வறுத்து வைத்திருந்தார். நீலமாக இருந்த மயில்துத்தம் வறுத்ததும் வெள்ளைத் தூளாகியிருந்தது. தண்ணீர் பட்டால் திரும்ப நீலமாகுமாம். டாக்டரிடம் வாங்கிய சாதாரண ஸ்பிரிட்டில் கொஞ்சம் போட்டார். நீலம். ஆய்வகப் புட்டியிலிருந்து எடுத்ததில் போட்டார். வெள்ளையாகவே கிடந்தது. அப்போதுதான் தலையை ஆட்டினார். பக்கத்து வீதி ஸ்டூடியோக்காரர் படச்சுருள் துடைக்கிற திரவம் என்று ஒரு புட்டியைத் தாமாகவே கொடுத்து அனுப்பியிருந்தார். இனிப்பாக, தூக்கம் வருவதுபோல மணந்தது. டீச்சர் அதை மூடி, கொல்லைப்புறத் திட்டில் வைத்துவிட்டார். "ஈரலைக் கெடுக்கிற மருந்துல ஒண்ணுக்கு இந்த வாசனை உண்டுன்னு படிச்சிருக்கேன். இது அதுவான்னு தெரியாது. தெரியாததை வீட்டுக்குள்ள தெறக்கக் கூடாது."

தண்ணீர் பட்டால்தான் என்ன என்று கேட்டேன். அதற்கு அவர் சூசையின் கட்டைவிரல் விழுந்த பதின்மூன்றாவது ஸ்லைடை எடுத்தார். அதிலும் பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு புள்ளியின்மேல் ஒரு துளி தண்ணீர் வைத்துப் பஞ்சால் தொட்டார். கட்டைவிரலில் பாதி பஞ்சோடு வந்துவிட்டது. "பூஞ்சை தின்ன எடம் தண்ணியில கரைஞ்சுரும். நல்ல எடம் தாங்கும், அது தாங்காது. மேலுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றார். அதே ஸ்லைடின் இன்னொரு மூலையில் ஆல்கஹாலைத் தொட்டு, காய்ந்த பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தார். வண்ணம் அசையவில்லை. அப்புறம்தான் நல்ல ஸ்லைடில் கை வைத்தார்.

மூங்கில் குச்சியில் சுற்றிய பஞ்சு. ஒரு தொடுதல், ஒரே திசையில் ஓர் இழுப்பு, பஞ்சைத் தூர எறிந்துவிட்டு அடுத்தது. திரும்பத் தேய்ப்பதில்லை. போகாத புள்ளியைப் போகவிடாமலே விட்டார். "இது போகலையே" என்று நான் காட்டினேன். "புள்ளியோட ஒரு தாமரை இருக்கட்டும். தொடைச்சு எடுத்துட்டா ரெண்டும் இருக்காது" என்றார். இப்படிப் பதினொரு ஸ்லைடு முடிவதற்குள் மதியமாகிவிட்டது.

பன்னிரண்டாவதாகத் தாமரைக் குளத்தை எடுத்தார். அட்டைச் சட்டத்தின் ஓரத்தைப் பிளேடால் பிரித்து, கறுப்புக் காகிதத்தின்மேல் மெல்லத் தட்டினார். சட்டத்தின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது. இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, அதிலிருந்த தூளைப் பக்கத்தில் கொட்டினார். முந்தைய நாள் ஜமுக்காளம் அவிழ்க்கப் போனபோது கருப்பாயியிடம் கேட்டு வாங்கியிருந்த பாத்திரம் தேய்க்கும் சாம்பல் அது. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். கருப்பாயியின் சாம்பலில் கரித்துண்டும் மணலும் கிடந்தன. மற்றது மாவுபோல மென்மையாக, ஒரே சீராக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அரிக்கேன் சிம்னியை எதை வைத்துத் துடைப்பீர்கள் என்று.

"விபூதிதான் டீச்சர். 'ஹா'ன்னு ஒரு ஊதல் ஊதி, ஒரு சிட்டிகை விபூதி வெச்சு முந்தானையால உருட்டுனா கண்ணாடி இருக்கிறதே தெரியாது" என்றேன். சொல்லி முடித்தேனோ இல்லையோ, என் வலது கை என் மடிக்குள் போய்விட்டது.

மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள், ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுவதற்காகத் தலைமையாசிரியையிடம் சாவி வாங்கித் தாமரைக் குளத்தை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். பாடம் நடத்த யார் கேட்டாலும் அவர் சாவியைக் கொடுப்பார்; யாருக்கு எப்போது என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சுவரில் மங்கலாக விழுந்தது. பாடம் முடிந்ததும், தினமும் சாயங்காலம் விளக்குக் கண்ணாடிக்குச் செய்வதை, என் மூக்குக் கண்ணாடிக்குச் செய்வதை, அதற்கும் செய்தேன். சுருக்குப் பையிலிருந்த விபூதி, ஒரு ஊதல், முந்தானை, வட்டம் வட்டமாக நாலு உருட்டு. பளபளப்பு வரவில்லையே என்று இன்னும் நாலு உருட்டு. அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன். அது எனக்கு நினைவில் நிற்கிற அளவுக்குக்கூட ஒரு செயலாக இல்லை. வெள்ளிக்கிழமை "யாரு தொட்டது" என்று கேட்டபோது நான் உண்மையாகவே யோசித்தேன், நான் வரவே இல்லை என் யோசனையில்.

"நேத்தே ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. வட்டமாத் தேச்சிருக்குன்னு தெரியும். பாத்திரம் தேய்க்கிறவங்க அழுத்துனா தகடே மடங்கியிருக்கும். இது பூப்போலத் தேச்ச கை" என்றார். சற்று நேரம் பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "டீச்சர், நான் ஆவூர் வேதக்காரி. விபூதின்னு நான் வாயைத் தெறந்தா அது வேற பேச்சாப் போயிரும். ஸ்லைடை மறந்துட்டுச் சாமிய இழுப்பாங்க. நீங்க சொன்னா விபூதியோட முடிஞ்சுரும். சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என்னைக் காவலுக்கு அனுப்பியவரிடம் நானே போய்ச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு நியாயங்கள் வந்துகொண்டே இருந்தன. பூஞ்சை எப்படியும் பிடித்திருக்கும். கருப்பாயிக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்கும். பதினெட்டு வருடம் தவறே செய்யாத ஆசிரியை என்ற பெயர் ஒரு சிட்டிகை விபூதியில் போகலாமா? இப்படி ஒவ்வொன்றாய் வந்தன. கடைசியில் ஒரு நினைப்பு வந்தது. கருப்பாயியின் மகள் என் வகுப்பில்தான் இருக்கிறாள். திங்கட்கிழமை இரண்டாம் மணிக்கு அவள் முகத்துக்கு முன்னால் நின்று நான் சித்தன்னவாசல் நடத்தவேண்டும்.

திங்கட்கிழமை இறைவணக்கத்துக்கு முன்பே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். கருப்பாயி மேசை துடைத்துக்கொண்டிருந்தார். அவரை இருக்கச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியை என்னைக் கூர்ந்து பார்த்தார். "லூர்தம்மாள் சொல்லச் சொன்னாங்களா? கருப்பாயிக்காகப் பழிய ஏத்துக்கிறீங்களா?" என்றார். சந்தேகம் என்பது ஒருமுறை ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் உண்மை வந்தாலும் உட்கார இடம் கொடுக்காது. டீச்சரிடம் கேட்டு வாங்கிய கட்டைவிரல் ஸ்லைடைக் கொண்டு வந்திருந்தேன். என் சுருக்குப் பையைத் திறந்து, ஊதி, விபூதி வைத்து, முந்தானையால் நாலு உருட்டு உருட்டி, சன்னல் வெளிச்சத்தில் அவரிடம் நீட்டினேன். அதே வட்டங்கள். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து, கருப்பாயியின் பெயர் எழுத வேண்டிய தாளை எடுத்தார்.

கருப்பாயி இடுப்பில் சொருகியிருந்த பீரோவின் மாற்றுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "எம் பேரை எழுதுங்கம்மா. ஆனா இனிமே இந்த பீரோவை நீங்களே தெறந்துக்கங்க" என்றார். என்னை அவர் பார்க்கவே இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த பீரோவை அவர் தொடவும் இல்லை. அதைக் கோபம் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் எங்களைச் சந்தேகப்பட உரிமை உண்டு.

அன்று பிற்பகல் பதினொரு ஸ்லைடுகளும் ஓடின. பட்டியலில் பன்னிரண்டு என்று இருக்கிறதே என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கேட்டார். "ஒண்ணு எங்க கவனக்குறைவால கெட்டுப்போச்சுங்க" என்றார் தலைமையாசிரியை. 'எங்க' என்று அவர் சொன்னதற்காக நான் அவரையும் மறக்கவில்லை. அதன்பின் ஸ்லைடுகள் பீரோவுக்குப் போகவில்லை. இறுக்கமான மூடியுள்ள தகரப் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சத் துணியில் முடிந்த வறுத்த அரிசியோடு, ஈரச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தார் லூர்தம்மாள் டீச்சர். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து அரிசியை மாற்றுவார். நடந்ததைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை. டிரில் டீச்சர் ஒருமுறை கிண்டலாக ஆரம்பித்தபோது, "இந்தத் தாளைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க" என்று அவர் கையில் ஒரு கட்டைத் திணித்தார்.

அடக்கத்துக்கு ஆவூருக்குப் போனேன். கோவில் மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்து வேலியோரம் கருப்பாயி நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். டீச்சர் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி மருந்தை மோந்து பார்க்காமல் குடிக்க மறுத்ததைச் சொல்லிச் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஸ்லைடு விஷயத்தை எழுதலாம் என்றிருக்கிறேன், கருப்பாயியின் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு மாத்துறீங்க? எம் பேரையே எழுதுங்க. அன்னைக்கு எல்லாருமாச் சேந்து எம் பேரைத்தான சொன்னீங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

கெட்டுப்போன தாமரைக் குளத்தை டீச்சர் என்னிடமே கொடுத்திருந்தார். அது என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கும் இன்னொன்று ஒரு பழக்கம். ஏதாவது கெட்டுப் போனால், யாருடைய பெயராவது வாயில் வருவதற்கு முன், அன்று என் கை என்னென்ன செய்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன். பல நாள் ஒன்றும் அகப்படுவதில்லை. சில நாள் அகப்படுகிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் மிகச் சுத்தமானது என்று நீங்கள் நம்பும் துணியை எடுத்து, கழுவிக் காயவைத்த ஒரு கண்ணாடித் துண்டை ஒருமுறை துடைத்து, அதைச் சாய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள்.